குரைப்பை நிறுத்தும் பெல்ட்: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் நாயைப் பற்றி இரண்டாவது புகார் விழுந்த அன்று இரவுதான் பலர் நாயின் கழுத்தில் கட்டும் இந்தப் பெல்ட்டைத் தேடுகிறார்கள். இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி டஜன் கணக்கில் வந்து நிற்கும். ஒரே உருவம், கழுத்தில் படும் ஒரே இரண்டு உலோக முள், ஒரே சின்னத் திரை. பெயர் மட்டும் ஒவ்வொன்றிலும் ஒன்று. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஷாக், வாசனைத் தெளிப்பு, காதுக்கெட்டா ஒலி, அதிர்வு என்று சந்தையில் நான்கு வகை உண்டு. காசு கொடுக்கத் தகுந்தது கடைசி வகை மட்டும். அதிலும் ரிமோட் உள்ளதாக, ஷாக்கைத் தனியாக அணைத்துவைக்க முடிவதாக இருக்க வேண்டும். அதுவும் எல்லா நாய்க்கும் அல்ல.

பெல்ட்டுக்குள் இருப்பது பெரிய அறிவாளி இல்லை. ஒரு சென்சார், ஒரு பேட்டரி, செல்போனில் இருப்பதுபோல ஒரு அதிர்வு மோட்டார், ஒரு பீப் ஸ்பீக்கர், ஷாக் வகையாக இருந்தால் மின்னழுத்தத்தை ஏற்றும் ஒரு சின்ன சுற்று. நாய் ஏன் குரைக்கிறது என்பது அதற்குத் தெரியாது. சத்தம் வந்ததா, தொண்டை அதிர்ந்ததா என்று மட்டும்தான் பார்க்கும். விலை குறைந்த பெல்ட்டுகள் சொதப்புவது இந்த சென்சாரில்தான்.

மைக் மட்டும் உள்ள பெல்ட், எந்தச் சத்தத்தையும் குரைப்பு என்றே எடுத்துக்கொள்ளும். பக்கத்துத் தெருவில் நாய் குரைத்தாலும், பஸ் ஹாரன் அடித்தாலும், குக்கர் விசில் போட்டாலும் உங்கள் நாய்க்குத்தான் தண்டனை. தீபாவளி வாரத்தில் இதைக் கட்டிவிடுவது கொடுமை. தொண்டையின் அதிர்வை உணரும் சென்சார் இருந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். இரண்டும் சேர்ந்து ஒத்துப்போனால்தான் வேலை செய்யும் வகை இன்னும் நல்லது. அட்டைப்பெட்டியில் எல்லோரும் ‘இரட்டை சென்சார்’ என்றுதான் அச்சடிக்கிறார்கள். நம்ப வேண்டாம், வந்த அன்றே சோதித்துவிடுங்கள். ஷாக்கை அணைத்து, முட்களுக்கு ரப்பர் மூடி போட்டு, பெல்ட்டை மேசைமேல் வைத்து, ஒரு அடி தூரத்தில் போனில் நாய் குரைக்கும் வீடியோவைச் சத்தமாக ஓடவிடுங்கள். பெல்ட் பீப் அடித்தால் அதில் மைக் மட்டுமே இருக்கிறது, திருப்பி அனுப்பலாம். அடிக்காவிட்டால் முட்கள் உள்ள பக்கத்தை உங்கள் தொண்டையோடு அழுத்திப் பிடித்து, அடித்தொண்டையில் நாய் மாதிரி ‘வள்’ என்று கத்துங்கள். இப்போது அடிக்க வேண்டும். வீட்டில் யாரும் இல்லாதபோது செய்வது உத்தமம்.

அடுத்த குழப்பம் திரையில் தெரியும் எண். 1 முதல் 7 வரை ஏதோ ஒரு எண் மின்னும். சில மாடல்களில் அது சென்சாரின் கூர்மை. எண் கூடக் கூடச் சின்ன முனகலுக்கும் பெல்ட் வேலை செய்யும். வேறு சில மாடல்களில் அதே எண் ஷாக்கின் வலு. கையேட்டைப் படிக்காமல் ‘நம்ம நாய் பெருசு, 7 வைப்போம்’ என்று வைப்பவர்கள் எதை ஏற்றினோம் என்றே தெரியாமல் ஏற்றுகிறார்கள். கையேட்டின் மொழியும் பல நேரம் புரியாது. எண்ணை மாற்றிக்கொண்டே மேலே சொன்ன சோதனையைச் செய்தால் விளங்கிவிடும். எண் ஏற ஏற மெல்லிய சத்தத்துக்கே பெல்ட் விழித்துக்கொண்டால் அது கூர்மை.

தானியங்கி வகைகளில் பெரும்பாலானவை படிப்படியாக ஏறும். முதல் குரைப்புக்குப் பீப், பிறகு அதிர்வு, தொடர்ந்து குரைத்தால் ஷாக். ஏழெட்டு முறை தொடர்ந்தால் பாதுகாப்புக்காகச் சுமார் ஒரு நிமிடம் தானே ஓய்ந்துவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நாயின் பக்கம் நின்று பாருங்கள்: விடாமல் குரைத்தால் தொல்லை நின்றுவிடுகிறது. பிடிவாதக்கார நாய்க்கு இது ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். ‘முதல் பத்து நாள் அமைதியாக இருந்தது, இப்போது முன்னைவிட அதிகமாகக் குரைக்கிறது’ என்ற புகாருக்கு ஒரு காரணம் இதுதான்.

ஷாக் வகையைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. வலித்தால் நாய் நிறுத்தும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எதனால் வலித்தது என்பதை நாய் தானாகவே முடிவு செய்துகொள்ளும். கேட் பக்கம் வந்த பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்து ஒரு குரை குரைத்தது, அதே நொடியில் கழுத்தில் சுருக்கென்றது. அடுத்த முறை அந்தக் குழந்தையைப் பார்த்தால் குரைக்காமல் நேரே பாயும் நாயாக அது மாறலாம். குரைப்பு என்பது கடிக்கு முந்தைய எச்சரிக்கை. எச்சரிக்கையை மட்டும் அறுத்துவிட்டு அச்சத்தை அப்படியே விட்டுவைப்பதுதான் ஷாக் செய்வது. வேல்ஸ் நாடு 2010லேயே இவ்வகைப் பட்டைகளைத் தடைசெய்துவிட்டது. அமெரிக்காவின் விலங்கு நடத்தை கால்நடை மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், நடத்தைச் சிக்கல் எதுவானாலும் பரிசு தந்து பழக்கும் முறையையே பரிந்துரைத்தது. வாங்கிய பெல்ட்டில் ஷாக் வசதி சேர்ந்தே வந்தால் மெனுவில் அணையுங்கள். அதோடு விடாமல் முட்களைத் திருகிக் கழற்றியோ ரப்பர் மூடி போட்டோ வையுங்கள். பட்டன் தவறி அழுந்தினால் மெனு காப்பாற்றாது.

சிட்ரோனெல்லா என்ற எலுமிச்சை வாசனை எண்ணெயைத் தெளிக்கும் பெல்ட் ஒரு காலத்தில் நல்ல பேர் வாங்கியது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1996இல் இதையும் ஷாக்கையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தபோது, நாய் வளர்ப்பவர்கள் தெளிப்பானையே விரும்பினார்கள். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஆய்வாளர் டெபோரா வெல்ஸ் 30 நாய்களிடம் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பயனுள்ளது. தினமும் கட்டிய நாய்களைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் அரைமணி நேரம் கட்டிய நாய்களிடம் குரைப்பு அதிகம் குறைந்தது. ஆனால் வாரங்கள் போகப் போக இரண்டு பக்கமும் விளைவு தேய்ந்துகொண்டே வந்தது. நாய்க்கு எதுவும் பழகிப்போகும். எந்தப் பெல்ட்டுக்கும் பொருந்தும் பாடம் இது: எந்நேரமும் கட்டியிருக்கும் பெல்ட் சீக்கிரம் வெறும் பெல்ட்டாகிவிடும்.

நம் ஊரில் தெளிப்பானுக்கு வேறு சங்கடங்களும் உண்டு. ரீஃபில் கிடைப்பது கஷ்டம்; பெல்ட் வாங்கிய கடையிலேயே ரீஃபில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சில நாய்கள் விடாமல் குரைத்து டப்பாவையே காலிசெய்துவிட்டு நிம்மதியாகத் தொடரும். அதைவிடப் பெரிய குறை, தெளித்த வாசனை உடனே போவதில்லை. நாய் வாயை மூடிய பிறகும் அதன் கழுத்து மயிரில் ஒட்டிக்கொண்டு மூக்கின் கீழேயே நிற்கும். சும்மா இருந்தாலும் தண்டனை தொடர்கிறது என்றால், சும்மா இருப்பதில் நாய்க்கு என்ன லாபம்? கொசுவுக்காக சிட்ரோனெல்லாவோ லெமன்கிராஸோ கலந்த தண்ணீரில் தரை துடைக்கும் வீடுகளில் இன்னும் மோசம். வீடு முழுக்க அதே வாசனை. வெயிலில் நிற்கும் காருக்குள் அழுத்தக் குப்பி உள்ள பெல்ட்டை மறந்து வைத்துவிடவும் கூடாது.

காதுக்கெட்டா ஒலி எழுப்பும் அல்ட்ராசோனிக் பெட்டிகளுக்கு ஒரு பத்தி போதும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரை; நாய்க் காது சுமார் 45 வரை கேட்கும். அந்த இடைவெளியில் இந்தப் பெட்டி கீச்சிடுகிறது. உயர் அதிர்வெண் ஒலி சுவரைத் தாண்டாது, வயதான நாய்கள் பலவற்றுக்குக் கேட்காது, குரைக்காத இரண்டாவது நாய்க்கும் பூனைக்கும் கேட்கும். உங்கள் காதுக்கு எட்டாததால் பெட்டி வேலை செய்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்பதும் உங்களுக்குத் தெரியாது. வேண்டாம்.

இனி அதிர்வு வகை. இது வலிக்காது. ஆனால் எல்லா நாயும் இதைச் சும்மா எடுத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். கழுத்தில் திடீரென்று குளவி ரீங்கரித்ததுபோல மிரண்டு, கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் நாய்களும் உண்டு. முதல் தடவை வால் இடுக்கி, காது மடங்கி, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால் அந்த நாய்க்கு இது ஒத்துவராது. அன்றே கழற்றிவிடுங்கள். சாதாரணமாகத் திரும்பிப் பார்க்கும் நாயாக இருந்தால் இதைத் தண்டனையாகப் பயன்படுத்தாமல், ‘இங்கே பார்’ என்று தோளைத் தட்டுவதுபோலப் பயன்படுத்தலாம். ரிமோட் வேண்டும் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். தானியங்கி பெல்ட் குரைப்புக்கு மட்டும்தான் அதிரும். ரிமோட்டில் அழுத்துவது நீங்கள், நேரத்தைத் தேர்வதும் நீங்கள். விளம்பரத்தில் 300 மீட்டர் எட்டும் என்பார்கள். இரண்டு கான்கிரீட் சுவர் குறுக்கே வந்தால் அதில் சிறு பங்குகூடத் தேறாது. வீட்டுக்குள் பழக்குவதற்கு அது போதும்.

பழக்கும் விதம் இப்படி. முதல் மூன்று நான்கு நாள் பெல்ட்டை அணைத்த நிலையிலேயே நடைக்குப் போகும்போதும் சாப்பாட்டு நேரத்திலும் கட்டிக் கழற்றுங்கள். இதைத் தவிர்த்தால் பெல்ட் கட்டிய அன்று மட்டும் நல்ல பிள்ளையாக இருக்கும் நாய் உருவாகும். பிறகு பெல்ட்டைக் கையில் பிடித்து, மிகக் குறைந்த அளவில் ஒரு நொடி அதிரவிட்டு, உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. பத்துப் பன்னிரண்டு தடவை, நாளுக்கு இரண்டு வேளை. அதிர்வு வந்ததும் நாய் உங்கள் கையைத் தேடத் தொடங்கினால் கழுத்தில் கட்டி அதையே தொடருங்கள். குரைப்பே இல்லாத அமைதியான நேரத்தில்தான் இதெல்லாம் நடக்க வேண்டும். ஒரு வாரம் ஆகும்.

அதற்குப் பிறகுதான் குரைப்புக்கு வருகிறோம். நாய் இரண்டு மூன்று தடவை குரைக்கட்டும். அது அதன் வேலை. பிறகு ஒரு நொடி அதிர்வு. திரும்பிப் பார்த்தால் உடனே கோழித்துண்டைத் தராதீர்கள். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில். குரைத்தால் அதிரும், அதிர்ந்தால் கோழி வரும் என்று நாய் கணக்குப் போட்டுவிட்டால், கோழி வேண்டும்போதெல்லாம் குரைக்கும். திரும்பிப் பார்த்த பின் இரண்டு நொடி அமைதி, அப்புறம்தான் துண்டு. அடுத்த நாட்களில் ஐந்து நொடி, பத்து, இருபது. குரைக்கவே செய்யாமல் கேட் பக்கம் பார்த்துவிட்டு உங்களைப் பார்த்தால் அதற்கு இரட்டைப் பங்கு. ஒரு தடவை அரைமணி நேரம், நாளுக்கு இரண்டு தடவை. மூன்று வாரத்தில் குரைப்பு கண்ணுக்குத் தெரியும் அளவு குறையவில்லை என்றால் பெல்ட்டை மூட்டைகட்டி வையுங்கள். அளவை ஏற்றிப் பிரயோஜனம் இல்லை.

இவ்வளவும் எந்த நாய்க்கு? ஜன்னலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை எல்லாம் குரைக்கும் நாய்க்கு, காலிங் பெல் அடித்தால் வீட்டைத் தலைகீழாக்கும் நாய்க்கு. தட்டைப் பார்த்துக் குரைத்துக் குரைத்தே பிஸ்கட் வாங்கிப் பழகிய நாய்க்கு வேறு வைத்தியம்: கொடுப்பதை வீட்டில் அத்தனை பேரும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும். அப்போது முதல் சில நாள் குரைப்பு கூடத்தான் செய்யும். பழைய சாவி திறக்கவில்லை என்று இன்னும் பலமாகத் திருகிப் பார்க்கிறது. அந்த நாட்களில் பாட்டி இரக்கப்பட்டு ஒரே ஒரு பிஸ்கட் போட்டால், பலமாகக் குரைத்தால்தான் கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும்.

நீங்கள் வெளியே போனதும் குரைக்கும் நாய்க்கு எந்தப் பெல்ட்டும் கூடாது. சந்தேகமிருந்தால் பழைய போனை ரெக்கார்டிங்கில் வைத்துவிட்டு வெளியே போய், முதல் அரைமணி நேர வீடியோவைப் பாருங்கள். தெருவில் ஏதாவது நடந்தால் மட்டும் குரைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறதா, அல்லது வாசல் கதவைப் பிராண்டி, எச்சில் ஒழுக, ஊளையும் குரைப்புமாக அலைகிறதா என்று தெரிந்துவிடும். இரண்டாவது வகை பிரிவுப் பதற்றம். பெல்ட் கட்டினால் சத்தம் நிற்கலாம்; கதவு நிலையைக் கடித்து, காலை நக்கி நக்கிப் புண்ணாக்கி, பதற்றம் வேறு வழியில் வெளியே வரும். வயதான நாய் திடீரென்று இரவில் குரைக்கத் தொடங்கினாலும் பெல்ட்டைத் தேடாமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மூட்டுவலி, காது கேளாமை, மூளைத் தளர்ச்சி என்று காரணம் எதுவும் இருக்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி, நாலு கிலோவுக்குக் குறைந்த நாய், சினை நாய், வலிப்பு உள்ள நாய், கழுத்தில் புண் உள்ள நாய் எதற்கும் இது வேண்டாம்.

கட்டும் முறையில் நடக்கும் தவறுகள் பெல்ட்டின் தவறுகளைவிட அதிகம். பெட்டிப் பகுதி கழுத்தின் முன்பக்கம், தொண்டையின் மேல், தாடையை ஒட்டி உட்கார வேண்டும். தளர்ந்து மார்புப் பக்கம் இறங்கினால் சென்சார் குரைப்பைத் தவறவிடும். முள்ளுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். பொமேரேனியன் என்று நாம் கூப்பிடும் ஸ்பிட்ஸ் நாய்க்கு அடிமயிர் அடர்த்தி, சென்சார் தோலைத் தொடாது. உடனே பெல்ட்டை இறுக்குகிறார்கள். அதற்குப் பதில் பெட்டியோடு வரும் நீள முள்ளை மாட்டி ரப்பர் மூடி போடலாம், அல்லது ரிமோட்டை மட்டும் நம்பலாம். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் இவற்றுக்கு நேர் எதிர்ச் சிக்கல்: தோல் மெல்லியது, மயிர் குட்டை, தலை குறுகல். தளர்வாகக் கட்டினால் தலைவழியே உருவிக்கொண்டு போய்விடும், இறுக்கினால் இரண்டே நாளில் சிவந்துவிடும். இவற்றுக்குக் குட்டை முள்ளோடு ரப்பர் மூடி கட்டாயம்.

முள் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அழுத்தினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து தோல் செத்துப் புண்ணாகும். ஷாக்கால் சுட்டது என்று நினைக்கப்படும் இரட்டைப் புள்ளிப் புண்கள் பல, உண்மையில் இந்த அழுத்தப் புண்கள்தான். நம் ஊர் ஈரக்காற்றில், குளிப்பாட்டிய பின் மயிர் காயாமல் கட்டினால் இன்னும் சீக்கிரம் வரும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள், இரவில் கட்டாதீர்கள், தினமும் கழற்றியதும் அந்த இடத்தை மயிர் விலக்கிப் பாருங்கள். உண்ணி ஒளிந்துகொள்ளப் பிடித்த இடமும் அதுவே. பெயர்த் தகடு, மணி, சங்கிலி எதுவும் அதே கழுத்தில் தொங்கக் கூடாது. அவை பெட்டியில் மோதும் தட்டலையும் சென்சார் குரைப்பு என்று எண்ணிவிடும். நடைக்கயிற்றை இந்தப் பெல்ட்டில் மாட்டவே கூடாது. அதற்கு ஹார்னஸ்.

இரண்டாயிரம் ரூபாய் செலவழிப்பதற்கு முன் இருநூறு ரூபாயில் செய்ய ஒன்று இருக்கிறது. நாய் எதைப் பார்த்துக் குரைக்கிறதோ அதை மறையுங்கள். ஜன்னலில் பால்கண்ணாடி ஸ்டிக்கர், பால்கனி கிரில்லில் பச்சை நெட், நாய் நின்றால் கண் எட்டும் உயரத்துக்கு மேல் ஒரு அடி வரை. காலிங் பெல்லுக்குக் குரைக்கும் நாயாக இருந்தால் பெல்லின் டியூனையே மாற்றிவிடுங்கள். பழைய ஒலிக்கு நாயிடம் பல வருடப் பகை. புதியதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் புதிய ஒலியைப் போனில் பதிந்து, மெல்லிய சத்தத்தில் அடித்து, ஒவ்வொரு தடவையும் கோழித்துண்டை அதன் பாயில் போடுங்கள். பத்து நாளில் மணி அடித்ததும் கதவுக்கு ஓடுவதற்குப் பதில் பாய்க்கு ஓடும் நாய்கள் உண்டு. இவற்றில் எதற்கும் பெல்ட் தேவையில்லை.

புகார் கொடுத்தவர்களிடம் காட்ட ஒரு தகவல். இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டல், குரைப்பது நாயின் இயல்பான வெளிப்பாடு என்கிறது. அதே மூச்சில், ஓயாத குரைப்பு அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சல், குறிப்பாக இரவில் நாயை அமைதியாக வைத்திருக்க முயலுங்கள் என்று வளர்ப்பவருக்கும் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் சண்டைதான் வளரும்.

இந்தக் கருவியால் முழுப் பலன் பெறுவது குரைக்கும் நாய் அல்ல, காது கேளாத நாய். ராஜபாளையம் இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. அவற்றைக் கூப்பிட வழியில்லை, இருட்டில் கைச்சைகையும் தெரியாது. ஷாக் இல்லாத, ரிமோட் உள்ள அதிர்வு பெல்ட்டை மேலே சொன்ன கோழித்துண்டு முறையில் பழக்கினால், ஒரு அழுத்தில் தோட்டத்தின் மூலையிலிருந்து திரும்பி உங்களைப் பார்க்கும். அதற்கு வாங்குவதானால் சார்ஜ் எத்தனை நாள் நிற்கும், தண்ணீர் புகுமா என்ற இரண்டையும்தான் முதலில் பாருங்கள். மழையில் ஓடிவிட்ட செவிட்டு நாயைத் திருப்பிக் கூப்பிட அந்த ஒரு மோட்டார்தான் இருக்கிறது.